குழந்தைக்கு டஸ்ட் அலர்ஜி, வீட்டுல தூசியை எப்படி குறைக்கிறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

நிலா_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரில வாடகை வீடு, முதல் மாடி, ரோட்டை பார்த்த ஜன்னல். பொண்ணுக்கு 8 வயசு. காலைல எந்திரிச்ச உடனே தும்மல் ஆரம்பிச்சா நிக்காம போகும், மூக்கை உள்ளங்கையால மேல தள்ளித் தள்ளி தேய்ச்சு மூக்கு மேல குறுக்கால ஒரு கோடே விழுந்துருச்சு. ஸ்கூல் போய் பத்து மணி ஆனா சரியாகிடுது, ராத்திரி படுத்தா மறுபடி அடைப்பு, வாயைத் திறந்துட்டுதான் தூங்குறா. டாக்டர் கைல சொட்டு சொட்டா வெச்சு குத்தி டெஸ்ட் எடுத்தாங்க, டஸ்ட் மைட்டும் கரப்பானும் நல்லா தடிச்சிருச்சு. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே எழுதிக் குடுத்துட்டு "வீட்டுல தூசி இல்லாம பாத்துக்கோங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. நாங்க ஏற்கனவே தினமும் ரெண்டு வேளை பெருக்குறோம், ஒரு வேளை துடைக்கிறோம், இதுக்கு மேல என்ன பண்றது? ஏர் ப்யூரிஃபையர் 15000 கிட்ட ஆகுது, வாங்கலாமா?

கோவை குசும்பன்:
ஜன்னலை மூடி வைங்க, ப்யூரிஃபையரை வாங்கி போடுங்க. சென்னைல ரோட்டோரம் குடியிருந்துட்டு தூசி இல்லாம வேணும்னா எப்படி.

மூச்சுக்காரன்:
//காலைல எந்திரிச்ச உடனே தும்மல்... பத்து மணி ஆனா சரியாகிடுது//
ஆளை காட்டிக் குடுக்க இந்த வரியே போதும்ங்க. ரோட்டு தூசிதான் காரணம்னா ஸ்கூல் வேன்ல போய்ட்டு வரும்போதுல்ல அதிகமாகணும்? படுக்கையை விட்டு தள்ளிப் போனதும் சரியாகுது, படுக்கைக்கு வந்தா திரும்புது, கூடவே டெஸ்ட்லயும் மைட்னு வந்திருக்கு. நான் டாக்டர் கிடையாது, சின்ன வயசுலேர்ந்து வீசிங் உள்ள ஆளு, திருச்சி, நாப்பது தாண்டியாச்சு, அந்த அளவுக்கு இதைப் பத்தி படிச்சு வெச்சிருக்கேன்.

மைட் எட்டுக்கால் பூச்சி, உண்ணிக்கு சொந்தம், நீளம் கால் மில்லிமீட்டர்தான் இருக்கும் அதனால வெறும் கண்ணுக்கு தெரியாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம்ம உடம்புலேர்ந்து உதிர்ற தோல் செதிலை தின்னுட்டு மெத்தை, தலகாணி, போர்வைக்குள்ளயே குடித்தனம் பண்ணும். தண்ணி தனியா குடிக்காது, காத்துல இருக்க ஈரத்தை உடம்பாலயே இழுத்துக்கும், அதனாலதான் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு கீழ போனா காய்ஞ்சு செத்துரும். சென்னைல ஐப்பசி கார்த்திகைல 80ஐ தொடுற நாளெல்லாம் அதுக்கு கல்யாண விருந்து. அலர்ஜி பண்றது பெரும்பாலும் அதோட புழுக்கைதான், அதுல இருக்க புரதம். 1964 வாக்குல நெதர்லாந்துல லெய்டன் ஊர்ல ஆராய்ச்சி பண்ணவங்கதான் வீட்டு தூசி அலர்ஜின்னு மொத்தமா சொல்லிட்டிருந்ததுக்கு உள்ள இந்த மைட் இருக்குன்னு கண்டுபிடிச்சது.

இப்ப ப்யூரிஃபையர் கணக்குக்கு வாங்க. அந்த புழுக்கை ஒண்ணு சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), கனம் ஜாஸ்தி. உதறினா கிளம்பும், அரைமணி நேரத்துல கீழ உக்காந்துரும். ப்யூரிஃபையருக்குள்ள இருக்க ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் தூளையே 99.97 சதவீதம் பிடிக்கும், அதுல குறை சொல்ல முடியாது, ஆனா மெஷின் கிட்ட காத்தோட வந்து சேர்றதைத்தானே பிடிக்கும். பாப்பா மூஞ்சியை தலகாணில பதிச்சு எட்டு மணி நேரம் தூங்குறா, நடுவுல இருக்கது ஒரு உறைத்துணி. மூலைல ஓடுற மெஷின் அதுக்கு என்ன பண்ணும்? பூனை வளர்க்கிறீங்க, இல்ல பக்கத்து காலி மனைல குப்பை எரிக்கிறாங்கன்னா அது வேற, பூனைலேர்ந்து வர்ற அலர்ஜித் தூள் ரொம்ப நுணுக்கமானது, மணிக்கணக்கா மிதக்கும், அங்க மெஷின் பிரயோஜனம். உங்களுக்கு மொதல்ல செலவு பண்ண வேண்டிய இடம் மெத்தையும் தலகாணியும்.

நிலா_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா. மெத்தை கல்யாணத்தப்ப அம்மா வீட்டுல குடுத்த இலவம்பஞ்சு மெத்தை, தலகாணியும் அதே. இயற்கையானது அதனால அலர்ஜி வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

போடி மெத்தைக்கடை:
நாங்க இலவம்பஞ்சு வியாபாரம்தான் பண்றோம் மேடம், அதனால நான் சொன்னா நம்புங்க, இயற்கைன்னா மைட்டுக்கும் இயற்கைதான். நல்ல இலவம்பஞ்சு வழுவழுன்னு மின்னும், தண்ணி ஒட்டாது. ஆனா வருஷம் ஆக ஆக நார் ஒடிஞ்சு தூளாகும். வெயில்ல நின்னு தலகாணியை ஒரு தட்டு தட்டிப் பாருங்க, தையல் வழியா மஞ்சளா மாவு மாதிரி கிளம்புச்சுன்னா அந்த பஞ்சு முடிஞ்சு போச்சு. சிலர் தெருவுக்கு வர்ற வண்டில குடுத்து பழைய பஞ்சையே அடிச்சு திரும்ப தைச்சு வாங்குவாங்க, அடிச்சா பஞ்சு உப்பும், அழுக்கு பஞ்சோடயே திரும்ப உள்ள போகும். அலர்ஜி உள்ள வீட்டுக்கு நான் அதை சொல்ல மாட்டேன். அடிக்கிற நேரத்துல அந்த குழந்தை தெருவுலயே இருக்கக் கூடாது. பாப்பாவுக்கு மட்டும் துவைக்கிற மாதிரி ஃபைபர் தலகாணி வாங்குங்க, அது பெரிய செலவில்ல. (யாவாரத்தை நானே கெடுத்துக்கிறேன், பரவால்ல.)

மூச்சுக்காரன்:
அண்ணாச்சி சொன்னது சரி. தலகாணியை மாத்திட்டு மெத்தைக்கு முழுசா ஜிப் வெச்சு மூடுற கவர் போடுங்க. இங்க ஒண்ணு கவனிங்க, ஆன்லைன்ல "மெத்தை ப்ரொடெக்டர்"னு விக்கிறது முக்காவாசி நாலு மூலைல எலாஸ்டிக் வெச்சு மேல மட்டும் விரிக்கிறது, குழந்தை ஒண்ணுக்கு போனா தாங்குறதுக்கு. நமக்கு வேண்டியது ஆறு பக்கமும் மூடுற பை மாதிரி, துணியோட துளை 10 மைக்ரானுக்கு கீழ இருக்கணும். நெருக்கமா நெய்ஞ்ச துணின்னா நல்லது, ப்ளாஸ்டிக் உறை போட்டா நம்ம ஊர் புழுக்கத்துல குழந்தை படுக்காது. ஜிப் முடியுற இடத்துல சின்னதா இடைவெளி இருக்கும், அதுல ஒரு டேப்பை ஒட்டிருங்க.

உறை, விரிப்பு, போர்வை எல்லாம் வாரம் ஒருக்கா வெந்நீர்ல. 55லேர்ந்து 60 டிகிரி வந்தாத்தான் மைட் சாகும், கை வெச்சா பொறுக்க முடியாத சூடு அது, குழந்தையை பக்கத்துல விடாதீங்க. ஹீட்டர் இல்லாத மெஷினா இருந்தா பச்சத்தண்ணில துவைச்சாலும் புழுக்கை பெருமளவு கரைஞ்சு போயிடும், உயிரோட இருக்க மைட் பெரும்பாலும் சாகாது அவ்வளவுதான், துவைக்காம விடுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

தேனிக்காரி:
மொட்டைமாடி வெயிலை ஏன் யாரும் சொல்லல? சித்திரை வெயில்ல மெத்தையை மேல போட்டு மதியம் திருப்பிப் போட்டா போதும், எங்கம்மா காலத்துலேர்ந்து இதான்.

மூச்சுக்காரன்:
வெயில் நிஜமாவே வேலை செய்யும்மா, சூடும் வறட்சியும் சேர்ந்து கொல்லும். ஆனா மொத்தமான மெத்தைன்னா மேல்பக்கம்தான் சூடேறும், உள்ள குளிர்ச்சியான இடத்துக்கு நகர்ந்துக்கும். செத்ததோட உடம்பும் புழுக்கையும் அங்கயே இருக்கும், அதனால காய வெச்சதுக்கப்புறம் நல்லா தட்டணும், தட்டுறவங்க முகத்துல மாஸ்க், குழந்தை கீழ வீட்டுல.

சந்தேக சாமி:
ஒரு நிமிஷம். இந்த கவர் எல்லாம் வேஸ்ட்னு, மருத்துவ ஆய்வுகளை சேர்த்துப் பாத்து முடிவு சொல்ற காக்ரேன் அமைப்பே 2008-ல சொல்லியாச்சு. 54 ஆய்வை சேர்த்து பாத்துட்டு மைட்டை குறைக்கிற எந்த வழியும் ஆஸ்துமாவுக்கு பலன் தந்த மாதிரி தெரியல, பரிந்துரைக்க முடியாதுன்னு முடிச்சாங்க. அதுக்கப்புறமும் ஏன் எல்லாரையும் கவர் வாங்க வைக்கிறீங்க?

மூச்சுக்காரன்:
நியாயமான கேள்வி சாமி, அந்த அறிக்கை எனக்கும் தெரியும். அதுக்கப்புறம் 2017-ல இங்கிலாந்துல மான்செஸ்டர் குழு ஒண்ணு வெளியிட்டது இருக்கு. மைட் அலர்ஜி உறுதியான, வீசிங் அதிகமாகி ஆஸ்பத்திரிக்கு போய் வந்த 3லேர்ந்து 17 வயசு பிள்ளைங்க. பாதிப் பேருக்கு நிஜ கவர், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்க டம்மி கவர். ஒரு வருஷத்துல திரும்ப ஆஸ்பத்திரிக்கு போனது நிஜ கவர்ல 29 சதவீதம், டம்மில 42 கிட்ட. மாத்திரை ஸ்டீராய்டு தேவைப்பட்டதுல பெரிய வித்தியாசம் வரல, அதையும் சொல்லிடுறேன். என் கணக்கு என்னன்னா, பெரியவங்களுக்கு, எதுக்கு அலர்ஜின்னே தெரியாதவங்களுக்கு, வெறும் கவரை மட்டும் மாட்டிட்டு மத்ததை விட்டா ஒண்ணும் நடக்காது. டெஸ்ட்ல மைட்னு வந்த குழந்தைக்கு போடலாம். ஸ்ப்ரேயை நிறுத்திட்டு கவரை நம்புறதுன்னா அது வேண்டாம்.

சந்தேக சாமி:
ஓகே, அப்படி சொன்னா ஒத்துக்கிறேன். ஸ்ப்ரே முதல்ல, மத்தது பக்கவாத்தியம். ஆனா மைட் கொல்லி ஸ்ப்ரே, அல்ட்ரா வயலட் வேக்குவம்னு இன்ஸ்டாவுல ஓடுற விளம்பரத்துக்கு யாரும் காசு அழாதீங்க.

நிலா_அம்மா:
ஸ்ப்ரே பத்தி கேக்கணும்னு இருந்தேன், அடிச்சா தொண்டைக்கு போயிடுது கசக்குதுன்னு அழறா, ஒரு தடவை லேசா ரத்தம் வேற வந்துச்சு.

மெடிக்கல் ஷாப் மாமா:
தலையை அண்ணாந்து வெச்சு அடிக்கிறீங்கம்மா, அதான். லேசா குனியச் சொல்லுங்க. வலது மூக்குக்கு இடது கையால, இடது மூக்குக்கு வலது கையால பிடிங்க, அப்ப நுனி தானா நடு எலும்பை விட்டு வெளிப்பக்கமா திரும்பிக்கும். நடு எலும்புல பட்டா ரத்தம் வரத்தான் செய்யும். அடிக்கும்போது பலமா உறிஞ்ச வேண்டாம். ரத்தம் திரும்பவும் வந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க. இன்னொண்ணு, ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடாதீங்க, முழுசா வேலை காட்ட ரெண்டு வாரம் கூட ஆகும்.

பெருங்களத்தூர் பாலா:
மாமா நானும் ஸ்ப்ரேதான், அடைச்சா உடனே திறக்குமே அந்த சொட்டு மருந்து, ரெண்டு வருஷமா பாக்கெட்லயே வெச்சிருக்கேன், அது இல்லாம தூக்கமே வராது.

மெடிக்கல் ஷாப் மாமா:
தம்பி அது வேற சாதி. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின்னு போட்டிருக்கும் பாருங்க. அதை சில நாளைக்கு மேல போட்டா மருந்து இறங்கினதும் முன்ன விட அதிகமா அடைக்கும், அதுக்கு மறுபடி போடுவீங்க. உங்களுக்கு இப்ப இருக்க அடைப்புல பாதி அந்த சொட்டு மருந்தாலயே வர்றதா இருக்கும். இஎன்டி டாக்டரைப் பாருங்க, நிறுத்த வழி சொல்லுவாங்க.

அப்படியே இன்னொண்ணு சொல்லிடறேன், அலர்ஜிக்கும் வீசிங்குக்கும் பிள்ளைங்களுக்கு சாதாரணமா எழுதுற மாண்டிலுகாஸ்ட் மாத்திரைக்கு 2020-ல அமெரிக்காவுல தூக்கம், மனநிலை மாற்றம் பத்தி கடுமையான எச்சரிக்கை போட வெச்சாங்க. பிள்ளை திடீர்னு எரிஞ்சு விழுது, கெட்ட கனவு கண்டு அலறுதுன்னா டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. பழைய சீட்டைக் காட்டி மாசக்கணக்கா வாங்கிட்டு போறாங்க, பாத்துட்டுதான் இருக்கேன்.

ராஜபாளையம் ராசா:
நாங்கல்லாம் மண்ணுல புரண்டோம், மாட்டுத் தொழுவத்துல படுத்தோம், ஒரு தும்மல் கிடையாது. பிள்ளைய பொத்திப் பொத்தி வளத்தா இப்படித்தான். தூசிய பழக்குங்க, சரியாப் போயிடும்.

மூச்சுக்காரன்:
அண்ணே பாதி உண்மை. பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் மாட்டுப்பண்ணைல பிறந்து வளர்ற பிள்ளைங்களுக்கு அலர்ஜி கம்மின்னு நிறைய ஆய்வு இருக்கு. ஆனா அது வராம இருக்கிறதுக்கு, கைக்குழந்தைலேர்ந்து. ஏற்கனவே வந்த பிள்ளையை தூசில விட்டா மூக்கு இன்னும் வீங்கும், சிலருக்கு நெஞ்சுக்கு இறங்கி வீசிங் ஆகும். "பழக்குறது"ன்னா அதுக்கு முறையா இம்யூனோதெரபி இருக்கு, அளவா ஊசியாவோ நாக்குக்கு அடில சொட்டாவோ குடுப்பாங்க, மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் ஓடும். தொழுவம் போதாது.

நிலா_அம்மா:
எங்க வீட்டுல ஒரு நடைமுறை பிரச்சனை. வேலைக்கு வர்ற அக்கா காலைல ஏழு மணிக்குத்தான் வருவாங்க, அடுத்து நாலு வீடு இருக்கு அவங்களுக்கு. பாப்பா கட்டில்ல தூங்கிட்டிருக்கும், அக்கா கட்டிலுக்கு அடில பூந்துடைப்பத்தை விட்டு சரசரன்னு இழுப்பாங்க, மேல ஃபேன் ஓடும். ஜன்னல் வழியா வெயில் விழுற இடத்துல பாத்தா கட்டில் உயரத்துக்கு தூசி சுத்திட்டு இருக்கும், அது அப்படியே பாப்பா மூஞ்சி கிட்ட இறங்கும். இதைப் போய் எப்படி அவங்ககிட்ட சொல்றதுன்னு தயங்கிட்டிருக்கேன், புது ஆளு கிடைக்கிறது கஷ்டம்.

தேனிக்காரி:
இதுல தயங்க என்ன இருக்கு கண்ணு. "அக்கா, பாப்பாவுக்கு மூச்சு திணறுது, அந்த ரூமை மட்டும் கடைசியா பண்ணுங்க, பெருக்க வேணாம், ஈர மாப் மட்டும் போடுங்க"ன்னு சொல்லு, பெருக்குற வேலை ஒண்ணு மிச்சம்னா யாரு வேணாம்பா. அந்த நேரம் பாப்பா ஹால்ல பால் குடிக்கட்டும், ஒரு அரைமணி கழிச்சு ரூமுக்குள்ள விடு. புது பூந்துடைப்பம் வாங்கினா ஒரு வாரத்துக்கு அதோட பொடியே வீடு பூரா கொட்டும், வாங்கினதும் வெளில வெச்சு தரைல தட்டி, துடைப்பத்தோட பூ பக்கத்தை சீப்பு போட்டு வாரி, ஈரத்துணில துடைச்சுட்டு உள்ள கொண்டுபோ.

ஃபேன் றெக்கைக்கு பழைய தலகாணி உறைதான். ஒட்டடைக்குச்சியால தட்டினா எல்லாம் கட்டில் மேலதான் விழும். ஸ்டூல் போட்டு ஏறி, உறையை றெக்கை மேல மாட்டி, அடிலேர்ந்து நுனி வரைக்கும் அமுக்கி இழு, அந்த கறுப்பு பட்டை மொத்தமும் உறைக்குள்ளயே வந்துரும். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஏறும்மா.

அப்புறம் பீரோ மேல அடுக்கி வெச்சிருக்க சூட்கேஸ், கட்டிலுக்கு அடில பழைய துணி மூட்டை, கொலு பொம்மை சுத்தி வெச்ச பேப்பர், இதெல்லாம் அந்த ரூமை விட்டு வெளில போகணும். எங்க போறதுன்னு கேக்காத, எனக்கும் தெரியல, எல்லார் வீட்டுலயும் அதான் பிரச்சனை.

ஈரோடு மஞ்சள்:
ஏர் கூலர் போடலாமுங்களா? ஏசிக்கு கரண்ட் பில் கட்டுப்படி ஆகலை.

மூச்சுக்காரன்:
கூலர் காத்துல ஈரத்தை ஏத்துற மெஷின்ங்க. ஏப்ரல்ல உங்க ஊர் காத்து காய்ஞ்சு கிடக்கும், மைட்டுக்கு கஷ்டகாலம், கூலர் போட்டா நாமளே அதுக்கு தண்ணி வார்க்கிறோம். பத்தாததுக்கு அந்த புல் பேட்ல பூஞ்சை பிடிக்கும். கட்டாயம் போட்டே ஆகணும்னா ஜன்னல் திறந்திருக்கணும், தண்ணியை தினம் மாத்துங்க, பேடை காய விடுங்க. அலர்ஜி உள்ளவங்க படுக்கிற ரூம்ல வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ஜூரோங் தம்பி:
சிங்கப்பூர்லேர்ந்து. இங்க வருஷம் பூரா ஈரப்பதம் 80 கிட்ட, ஏசி இல்லாம இருக்க முடியாது. ஏசி ஓடுறப்ப ரூம் காயும், நிறுத்தினா திரும்ப ஏறிடும், அதனால ஏசியை மட்டும் நம்பக்கூடாது, ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா குழாய்ல கழுவணும். இன்னொரு விஷயம், எங்க பக்கம் வீட்டு தூசில "ப்ளோமியா ட்ராபிகாலிஸ்"னு வேற ஒரு மைட்தான் நிறைய, டெஸ்ட்லயும் அதுக்கு தனியா ஒரு சொட்டு வைப்பாங்க. உங்க டெஸ்ட்ல அது இருந்துச்சான்னு டாக்டரை கேளுங்க. சின்னதா ஈரப்பதம் காட்டுற மீட்டர் ஒண்ணு வாங்கி கட்டில் பக்கத்துல வைங்க, பாக்க ஆரம்பிச்சா நம்ம பழக்கமே மாறும், மழைக்காலத்துல பெட்ரூம்ல கயிறு கட்டி துணி காயப்போட்டா எவ்வளவு ஏறுதுன்னு கண்ணால பாக்கலாம்.

நிலா_அம்மா:
ஐயோ நாங்க அதைத்தான் பண்றோம், ஃபேன் போட்டு யூனிஃபார்ம் காய வைக்கிறது பெட்ரூம்லதான். ஹாலுக்கு மாத்திடுறேன்.

வெள்ளிக்கிழமை மாமியார் சாம்பிராணி போடுவாங்க, வீடு பூரா காட்டுவாங்க. அதை நிறுத்தச் சொன்னா வீட்டுல வேற பிரச்சனை கிளம்பும்.

ராஜபாளையம் ராசா:
சாம்பிராணி கிருமிநாசினி. அதையும் நிறுத்தச் சொல்லுவீங்களா? நம்ம முன்னோர்கள் முட்டாள்களா?

சந்தேக சாமி:
வந்துட்டாருய்யா. புகை புகைதான் ராசா, கரித்தூள்ல சாம்பிராணி போட்டாலும் கொசுவத்தி கொளுத்தினாலும் வீங்கின மூக்குக்கு ரெண்டும் ஒண்ணு.

ராஜபாளையம் ராசா:
கொசுவத்தியும் சாம்பிராணியும் ஒண்ணா? பேச்சை அளந்து பேசுங்க.

நெறியாளர்:
சாம்பிராணிக்கு தனி இழை ஏற்கனவே மூணு பூட்டியாச்சு. இங்க குழந்தை விஷயம் மட்டும்.

தேனிக்காரி:
நிலா, அத்தைகிட்ட நிறுத்தச் சொல்லாத. பாப்பா ட்யூஷன் போற நேரமா பாத்து போடச் சொல்லு, ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சு, அவ படுக்கிற ரூமுக்குள்ள மட்டும் காட்ட வேணாம்னு. பேத்திக்காகன்னா கேப்பாங்க. கொசுவுக்கு சுருளை விட்டுட்டு வலை கட்டு, வலையையும் மாசம் ஒருக்கா துவை.

மூச்சுக்காரன்:
எல்லாரும் மைட்டையே பேசுறோம், டெஸ்ட்ல கரப்பானும் வந்திருக்கு, அதை மறந்துடாதீங்க. அதோட எச்சம், எச்சில், உதிர்ந்த தோல் காய்ஞ்சு தூசில கலக்கும். கரப்பான் கொல்ற ஸ்ப்ரே அடிக்காதீங்க, அந்த நெடிக்கே பாப்பாவுக்கு இழுக்கும். ஜெல் கிடைக்கும், கிச்சன் கதவு கீல், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிலிண்டருக்கு பின்னாடி, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு கீழ பொட்டு பொட்டா வைங்க. ஆன்லைன் ஆர்டர்ல வந்த அட்டைப்பெட்டியை எல்லாம் சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுருங்க, அந்த அட்டை மடிப்புக்குள்ளதான் முட்டை வைக்கும். செத்தப்புறம் அலமாரி மூலையெல்லாம் சோப்புத் தண்ணில கழுவணும், இல்லன்னா அலர்ஜி மாசக்கணக்கா அங்கயே இருக்கும்.

நிலா_அம்மா:
தலகாணி மாத்தியாச்சு, பழைய மெத்தைக்கு ஜிப் கவர் வந்துருச்சு. அக்கா இப்ப அந்த ரூமை ஈர மாப் மட்டும்தான் போடுறாங்க. டெடி பொம்மையை தூக்கிப் போடச் சொன்னா பாப்பா ஒரே அழுகை, அதை கவர்ல கட்டி ஃப்ரீசர்ல ஒரு நாள் வெச்சா மைட் செத்துரும்னு எங்கயோ படிச்சு வெச்சேன், ஐஸ்கட்டி எடுக்கப் போன மாமியார் அதைப் பாத்துட்டு போட்ட சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டுச்சு. காலைல தும்மல் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, ஸ்ப்ரேயாலயா கவராலயான்னு தெரியல. இப்ப புதுக்கவலை, லீவுக்கு திருநெல்வேலி பக்கம் ஊருக்கு போறோம், அங்க ஆள் வந்தாத்தான் பரண்லேர்ந்து மெத்தையை இறக்குவாங்க.

மூச்சுக்காரன்:
ஃப்ரீசர்லேர்ந்து எடுத்ததும் டெடியை துவைச்சிருங்க, செத்தாலும் புழுக்கை அப்படியேதான் இருக்கும்.

ஊருக்கு அவ தலகாணி, விரிப்பு, போர்வை மூணையும் பைல எடுத்துட்டு போங்க. பரண் மெத்தைல மட்டும் படுக்க வெச்சுடாதீங்க. பாய் கேட்டு வாங்குங்க, உங்க பக்கம்தானே பத்தமடை, கோரைப்பாயை வெயில்ல விரிச்சு ரெண்டு பக்கமும் ஈரத்துணியால துடைச்சு காய வெச்சா போதும். மெத்தையை இறக்கி தட்டுற நேரத்துல பாப்பாவை வாய்க்காலுக்கோ கோயிலுக்கோ யாராச்சும் கூட்டிட்டு போகட்டும். ஸ்ப்ரேயை மறக்காம எடுத்துக்கோங்க.

பெருங்களத்தூர் பாலா:
எனக்கும் அந்த குத்துற டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க. வலிக்குமா?

மெடிக்கல் ஷாப் மாமா:
எறும்பு கடிச்ச அளவுதான், கால்மணி இருபது நிமிஷத்துல ரிசல்ட் தெரிஞ்சுரும். லெவோசெட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டிருந்தா தடிப்பே வராது, அதனால எத்தனை நாளைக்கு முன்னாடி நிறுத்தணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க. சளி மாத்திரைலயும் அந்த சாதி மருந்து கலந்திருக்கும், சீட்டை எடுத்துட்டு போங்க.